முற்றம் இல்லாத குழந்தைகள்

(கோந்த்வாவில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் சுருக்கம்)



இதே கோந்த்வாவில், 2019 ஜூன் 29 அதிகாலையில், குடியிருப்பு வளாகம் ஒன்றின் சுற்றுச்சுவர் மழையில் சரிந்து, அதை ஒட்டிப் போடப்பட்டிருந்த கட்டுமானத் தொழிலாளர்களின் கொட்டகைகள் மீது விழுந்தது. 15 பேர் மாண்டனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். சுவர் ஏன் விழுந்தது, குற்றவாளி யார் என்று அன்று நிறையப் பேசினோம். அந்த நால்வரும் உயிரோடிருந்தபோது, பெற்றோர் சாரம் ஏறிய பகல் பொழுதை எங்கே, யாருடைய பார்வையில் கழித்தார்கள் என்று நாமும் கேட்கவில்லை. இன்று அதைப் பேச விரும்புகிறேன்.

நம் ஊரில் பால்வாடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கன்வாடி என்ற கருத்து பிறந்தது இந்த மராட்டிய மண்ணில்தான். 1945இல் தாராபாய் மோடக் அம்மையார் போர்டி கிராமத்தில் குழந்தைக் கல்வி மையம் தொடங்கினார். தலித், ஆதிவாசிக் குடியிருப்புகளின் குழந்தைகள் பால்வாடிக்கு வரவில்லை. ‘வராதவர்கள்’ என்று பேரேட்டில் எழுதி அவர் மூடிவிடவில்லை. பால்வாடியையே அவர்களுடைய முற்றத்திற்குக் கொண்டு போனார். மராத்தியில் ‘அங்கண்’ என்றால் முற்றம். மாடு மேய்க்கும் பிள்ளைகளுக்காக மேய்ச்சல் வெளிக்கே பள்ளி போயிற்று.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கிய அரசு, அந்தப் பெயரை எடுத்துக்கொண்டது. பெயர் நிலைத்தது, நடை திரும்பிவிட்டது. இப்போது குழந்தைதான் மையத்தைத் தேடி வர வேண்டும். ஆறு மாதம் ஒரு தளம், அடுத்த ஆறு மாதம் வேறு தளம் என்று அலையும் குடும்பத்திற்கு முற்றம் ஏது?

பழியை ஊழியர் மீது போடுவது எளிது. 2018இல் ஒன்றிய அரசு அவருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய். பணிக்கொடைச் சட்டம் அவருக்கும் பொருந்தும் என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பரில் மராட்டிய அங்கன்வாடி சகோதரிகள் தொடங்கிய வேலைநிறுத்தம் ஐம்பது நாள்களுக்கு மேல் நீடித்தது. அவர்களுடைய ஊதியக் கோரிக்கையும் கொட்டகைக் குழந்தையின் கோரிக்கையும் ஒரே மேடையில் ஒலிக்க வேண்டும்.

சட்டத்தில் வழியே இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்யும் கட்டுமானத் தளத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஒரே தளத்தை நான்கு ஒப்பந்தக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மனைவியின் பெயரை வருகைப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டால், ஐம்பது என்ற எண் எக்காலத்திலும் எட்டாது! ஆனால் நம் கையில் இன்னொரு ஆயுதம் உண்டு. உணவுரிமை வழக்கில் 2006 டிசம்பர் 13 அன்று உச்சநீதிமன்றம், அங்கன்வாடி இல்லாத கிராமக் குடியிருப்பிலோ குடிசைப் பகுதியிலோ ஆறு வயதுக்குட்பட்ட 40 குழந்தைகள் இருந்தால், கேட்ட மூன்று மாதத்திற்குள் அதை அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

எனவே முதல் வேலை கணக்கெடுப்பு. இந்தி அறிந்த தோழர்கள் இருவர் இருவராக, வேலை முடிந்த மாலை நேரத்தில் கொட்டகைகளுக்குச் செல்லுங்கள். குழந்தையின் பெயர், வயது, பகலில் பார்த்துக்கொள்பவர் யார் என்று எழுதுங்கள். ஏழு வயது அக்காள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்றால் அதையும் எழுதுங்கள். கொட்டகை எந்தச் சுவரை ஒட்டி நிற்கிறது என்பதையும் குறியுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் அந்தப் பட்டியல் மாநகராட்சியின் மேசையில் இருக்க வேண்டும்.