கழியே பள்ளி, கையே ஏடு



கடலலை காதில் விழும் தொலைவிற் பிறந்த திருவொற்றியூர்ப் பிள்ளை, பொத்தகத்துப் பனிக்கரடிக்குப் பெயர் சொல்கின்றது. மணலிற் படர்ந்து அதனை அரிக்கவிடாமற் பிணிக்கும் அடும்புக் கொடிக்குப் பெயர் தெரியாமல் விழிக்கின்றது. இது பிள்ளையின் குற்றமன்று. தொட்டறிய விடாத கல்வியின் குற்றம்.

பழந்தமிழர் சூழலறிவை விளையாட்டிலேயே வைத்திருந்தனர். நெய்தல் நிலச் சிறுமியர் மணலிற் சிற்றில் இழைத்தனர், வண்டற்பாவை செய்தனர், அலவனைத் துரத்தி ஆடினர். விளையாட்டாய் மணலில் அழுத்திய புன்னை விதை மரமாகி நின்றதை நற்றிணையின் 172ஆம் பாட்டு காட்டுகின்றது. அம்மரத்தை மகளுக்கு உடன்பிறந்தாள் என்கின்றாள் தாய். அதனால் அதன் நிழலிற் காதலனோடு நகையாடவும் நாணம் தடுக்கின்றது! மரத்தை உறவென்று அறிந்தவள் நாணுவாள், அறியாதவன் வெட்டுவான். சூழலியலின் முதற்பாடம் இதுவே.

தமிழ்ப் பெயர்களே பாதிப் பாடத்தைச் சொல்லிவிடும். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்பர். பங்குனியையொட்டிக் கரையேறி முட்டையிடுவது பங்குனி ஆமை. கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். பெயர் மறைந்தால் பொருளின் மேலுள்ள கண்ணும் மறையும். கண் மறைந்தபின் பொருள் அழிவதைக் கேட்பாரில்லை.

செய்யத்தக்கவை எளியவை. கழியோரம் கோல் நட்டு, நாளுக்கு இருமுறை நீர் ஏறுவதையும் வற்றுவதையும் பிள்ளைகள் கீறிக் குறிக்கட்டும். முழுநிலா நாளிலும் காருவா நாளிலும் ஏற்றம் மிகுவதைத் தாமே காணட்டும். துணிக்கீற்றைக் கட்டிக் காற்றின் திசைக்குப் பெயர் சொல்லட்டும். நண்டு வளைகளை எண்ணட்டும். மீனவ முதியோரிடம் வலைமுடிச்சுக் கற்கட்டும். பழவேற்காட்டுக் கழியில் மீன்பிடி இடத்தை முறைவைத்துப் பகிரும் 'பாடு' என்னும் வழக்கத்தை அவர் வாயாற் கேட்கட்டும். அளவோடு பிடித்தலும் பகிர்ந்துண்டலும் அங்கே ஒரே பாடம்.

"நஞ்சு கலந்த கரையிலா பிள்ளையை விடுவது?" என்று தாய்மார் கேட்பது முறையே. 2017 சனவரி 28இல் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி, எர்ணாவூர்க் கரையெல்லாம் எண்ணெய்ச் சேறாயிற்று. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியின் எண்ணெய் எண்ணூர்க் கழியிற் புகுந்தது. அம்மாதம் 26ஆம் நாளிரவு உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசியப் பெரியகுப்பத்தார் வீடுவிட்டு ஓடினர். அனல்மின் நிலையத்தின் சாம்பலும் கழியைத் தூர்த்துள்ளது. எண்ணெயும் சாம்பலும் படிந்த இடத்திற் பிள்ளை கால்வைத்தல் ஆகாது. தூய இடம் தேர்ந்து, கரையறிந்த முதியோர் துணையோடு செல்லவேண்டும். ஆயின், நஞ்சுக்கு அஞ்சிக் கழியையே மறைத்து வளர்த்தால், நாளை அதன் அழிவுக்குச் சான்று சொல்ல ஒருவரும் இரார். சென்ற ஆண்டு நூறு வளை கண்ட இடத்தில் இவ்வாண்டு பத்தே கண்ட பிள்ளைதான், "ஏன்?" என்று கேட்கும்!

இளையோரால் ஆகாதென்பார் சென்னையின் தென்கரையைக் காண்க. அங்கே 1988இல் தொடங்கிய மாணவர் கடலாமைக் காப்பு அமைப்பினர், இரவில் மணலில் நடந்து முட்டைகளைத் தேடியெடுத்துக் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். 2017இல் எர்ணாவூர்க் கரையில் எண்ணெய்ச் சேற்றை வாளியால் மொண்டெடுத்தோருள்ளும் இளையோர் இருந்தனர். அழிந்தபின் வாளி ஏந்திய கைகளுக்கு, அழியுமுன்னே காக்கும் அறிவைத் தருவது பெற்றோர் கடன்.

ஆகவே, தாய்மாரே! வரும் விடுமுறை நாளில் பிள்ளையின் கையில் ஒரு புன்னை விதையைக் கொடுங்கள். முளைத்தபின், அதனை உடன்பிறப்பென்று சொல்லிக்கொடுங்கள்.

வாழ்க தமிழ்! வாழ்க நெய்தல்!