ஒலியைப் பங்கிடும் கருவி



தவிலின் தொப்பிப் பக்கத்திலே கழி விழும்போது எழுகின்ற முழக்கத்தைக் கோயில் வீதியில் நின்று கேட்டவர்களுக்கு, வீட்டு ஒலிபெருக்கியில் அது ஏன் வெறுந் தட்டலாய்ச் சுருங்கிவிடுகின்றது என்ற ஐயம் எழாதிராது. அந்த ஐயமே, சப்வூபர் எனப்படும் தாழ்ஒலிப் பெட்டிகள் இரண்டை வாங்கும்படி என்னைத் தூண்டிற்று. அவற்றோடு ஒலியைப் பிரித்தளிக்கும் கருவியொன்றையும் கடைக்காரர் தந்தார். கிறாஸ்ஓவர் என்பது அதன் பெயர். முழக்கம் பெருகியது, தெளிவோ பெருகவில்லை. ஒலியைச் சற்றே உயர்த்தினாலும், பழைய சிறு ஒலிபெருக்கிகளின் கூம்புகள் முன்போலவே மூச்சு வாங்கின.

காரணம் பின்னரே விளங்கிற்று. அக்கருவி தாழ்ந்த ஒலிகளைச் சப்வூபருக்குக் கொடுத்ததேயன்றி, சிறு பெட்டிகளிடமிருந்து அவற்றை எடுக்கவில்லை. ஒரு வகுப்புக்குப் புதிய ஆசிரியரை அனுப்பிவிட்டு, பழைய ஆசிரியரையும் அதே பாடத்தை அங்கேயே நடத்தச் சொன்னது போன்ற கதை இது. அதிபராயிருந்தும் இதனை நான் உணராமற் போனேன்!

கூம்பு படும் பாட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரே அளவான சத்தத்தை ஒரு ஸ்தாயி கீழே எழுப்ப வேண்டுமாயின், மூடிய பெட்டியிலுள்ள கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைதல் வேண்டும். எனவே 80 ஹேர்ட்சுக்குக் கீழ்ப்பட்டவற்றை அதனிடமிருந்து நீக்கிவிட்டால், எஞ்சிய குரலும் வயலினும் தெளிவடையும். ஆதலால், கருவி வாங்கச் செல்வோர் முதலிற் கேட்க வேண்டியது, தாழ்ஒலி வாயிலோடு சிறு பெட்டிகளுக்கான உயர்ஒலி வாயிலும் அதில் உண்டா என்பதே.

சாதாரண ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளும் கொள்ளளவியும் தூண்டற்சுருளும் கொண்டு ஒலியைப் பிரிக்கின்றார்கள். அது அம்பிளிபயருக்குப் பின்னர் நிகழ்வது. 80 ஹேர்ட்சில் அவ்வாறு பிரிப்பதற்குப் பருத்த, விலையுயர்ந்த சுருள்கள் வேண்டும். நாம் பேசும் கருவியோ மின்வலு ஊட்டப்பெற்று, அம்பிளிபயருக்கு முன்னரே பிரிக்கின்றது. அதனால், உங்கள் அம்பிளிபயரில் முன்பகுதியின் வெளிவாயிலும் வலுப்பகுதியின் உள்வாயிலும் தனித்தனியே இருத்தல் வேண்டும். இல்லையேல் கருவியை இடையிற் செருக இடமில்லை.

பிரிக்கும் எல்லையாக 80 ஹேர்ட்ஸ் பெரிதும் வழக்கிலுள்ளது. அதன் அலைநீளம் நாலேகால் மீற்றருக்குச் சற்று மேல். அத்தகைய ஒலி எத்திசையிலிருந்து வருகின்றதெனச் சிறிய அறையிற் செவி எளிதில் அறியாது. ஆயினும் எல்லை சரிவாக அமைவதேயன்றிச் சுவராக அமைவதன்று. ஸ்தாயிக்கு 24 டெசிபெல் சரிவுள்ளதைத் தேடுங்கள். லிங்விற்ஸ், றைலி என்னும் பொறியியலாளர் இருவரின் பெயரால் வழங்கும் இவ்வமைப்பு, 1976ஆம் ஆண்டில் லிங்விற்ஸ் வெளியிட்ட கட்டுரையால் பரவியது. எல்லையில் இரு பக்கமும் 6 டெசிபெல் தாழ்ந்து நின்று, சேரும்போது மேடுபள்ளமின்றி ஒன்றாகும்.

மேடைக் கச்சேரிக்கென விற்கப்படும் கருவிகள் சிலவற்றில், எல்லையைப் பத்து மடங்காக்கும் பொத்தான் ஒன்றுண்டு. அது அறியாமல் அமுங்கினால் 80 என்பது 800 ஆகிவிடும். பாடகரின் குரலிற் பாதி சப்வூபருக்குள்ளிருந்து கேட்கும்.

இலக்கமுறைக் கருவிகள் இன்று பலவுள. சப்வூபர் சுவரோரத்திலும் சிறு பெட்டிகள் ஒரு மீற்றர் அருகிலும் இருப்பின், பின்னவற்றை ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் தாமதிக்கச் செய்து, இரண்டையும் ஒருங்கே செவியை அடையச் செய்ய அவற்றால் இயலும். அறையில் அளவுக்கு மீறி அதிரும் சுரத்தையும் தணிக்கலாம். ஆனால் ஒலியளவைக் கருவிக்கு முன்னரே வெகுவாகக் குறைத்துக் கேட்பவர்கள், மெல்லிய இரைச்சலொன்று எழுகின்றதா என்று வாங்குமுன் சோதித்தல் நன்று. இடத்தை மாற்றாது வைத்துக் கேட்பவருக்குத் திருகிகளுள்ள பழைய முறைக் கருவியே போதும் என்பது என் எண்ணம்.

இணைத்தபின், எல்லை மீடிறனில் ஒரே சீரான ஒலியை எழுப்பி, ஒருவர் சப்வூபரின் முனைவு மாற்றும் ஆளியை அப்படியும் இப்படியும் திருப்ப, வழமையான இருக்கையிலிருந்து மற்றவர் கேட்க வேண்டும். எந்நிலையில் ஒலி மிகுகின்றதோ அதுவே சரியான நிலை. என் வீட்டில் அந்த ஆளி பல மாதங்களாக மறுபக்கத்திலேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர், அந்த இருக்கையில் அமர்ந்திருந்த என் மனைவியார்.