பட்டம் பெற்ற செவிலியரும் முதற் பணியும்

(வெள்ளிவிழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'கல்வியும் வேலைவாய்ப்பும்' என்னும் தலைப்பில் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். அது கடல் போன்ற தலைப்பு. அதனை முழுவதும் எடுத்துக்கொண்டால் வருகைப்பதிவேட்டில் பெயர் படிப்பதுபோல் ஒவ்வொரு படிப்பின் பெயரையும் படித்துவிட்டு அமர நேரிடும். ஆதலின் அதில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பி.எஸ்ஸி. நர்சிங் பட்டம் பெற்று வீடு திரும்பும் நம் பெண்மக்களுக்கு அடுத்த ஓராண்டில் நேர்வது என்ன என்பதே அப்பகுதி.

சாமல்பட்டி, மத்தூர், ஊத்தங்கரைப் பக்கத்துச் சேரிகளில் ஒரு பெண் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் எடுத்துத் தேறிவிட்டால், பெற்றோர் வாயில் முதலில் வரும் சொல் நர்சு என்பதுதான். நம் சங்கத்தின் உதவிபெற்றோர் ஏட்டிலும் அந்தப் படிப்பு அடிக்கடி வருகிறது. ஆனால் அந்த ஏடு பட்டமளிப்போடு நின்றுவிடுகிறது. அதன் பிறகு அந்தப் பெண் எங்கே போனாள், என்ன ஊதியம் வாங்கினாள், சான்றிதழ் அவள் கையில் இருக்கிறதா என்பதற்கு ஏட்டில் பக்கமே இல்லை. இந்த வெள்ளிவிழாவில் நான் கேட்பது அந்தப் பக்கத்தைத்தான்.

இத்தொழிலுக்கும் நமக்கும் உள்ள உறவைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-இலேயே செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. நமக்கு அண்மையில் உள்ள வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அங்கேயே 1946-இல் செவிலியப் பட்டப்படிப்பும் வந்தது. அதே 1946-இல் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலியரே உள்ளார் என்று கணக்கிட்டது. ஏன் அத்தனைக் குறைவு? படிக்கப் பெண்கள் இல்லாமையால் மட்டும் அன்று. பிறர் உடலைத் தொட்டுத் துடைப்பதும், புண்ணைக் கழுவுவதும், மலச்சட்டி எடுப்பதும் இழிதொழில் என்று உயர்சாதி வீடுகள் தம் பெண்களைத் தடுத்தன. புனாவில் பிளேக் பரவிய 1897-இல், நோயுற்ற ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவனைத் தாமே தூக்கிச் சென்று மருத்துவம் பார்க்கவைத்த சாவித்திரிபாய் புலே அம்மையார் அதே நோயால் மாண்டார். தொடுதலே தொழிலாக அமைந்த பணி இது. நம்மைத் தொட்டால் தீட்டு என்றவர்களும் காய்ச்சல் முற்றிய இரவில் நாடி பிடிக்கும் கையின் சாதியைக் கேட்பதில்லை.

காய்ச்சல் தணிந்த பின்னர்க் கேட்பவர்கள் உண்டு என்பதையும் மறைக்கலாகாது. நோயாளி கேளாவிடினும் விடுதி அறைத்தோழி கேட்பாள்: "உங்க ஊருல எந்தத் தெரு?" இந்தக் கேள்வியின் பொருள் நம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்கு அஞ்சி வேலையை விட்டு வந்தவர்களும் இருக்கிறார்கள்.

இனிச் செய்திக்கு வருகிறேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, பெயர் வேண்டா. தந்தை கருங்கல் குவாரியில் கூலி. தனியார் கல்லூரியில் பட்டம் முடித்தாள். தேர்வு முடிவு வந்த மாதமே எல்லைக்கு அப்பால் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. வீட்டில் பொங்கல் வைத்தார்கள். சேர்ந்த அன்றே மதிப்பெண் பட்டியல் முதல் சாதிச் சான்று வரை அனைத்து மூலச் சான்றிதழ்களையும் வாங்கி அலமாரியில் பூட்டிக்கொண்டு, மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். இடையில் நின்றால் பெருந்தொகை கட்ட வேண்டுமாம். ஓராண்டு கழித்து அரசுத் தேர்வில் அவள் தேறினாள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பும் வந்தது. எடுத்துச் செல்லச் சான்றிதழ் கையில் இல்லை. தந்தை அந்த மருத்துவமனை வாயிலில் இரண்டு நாள் நின்றார்.

முடிவில் அவளுக்கு உதவியது பணம் அன்று, ஒரு சட்டம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி பெறும் உரிமையை அளித்துள்ளது. அவ்வழியே ஒரு வழக்குரைஞர் எழுதிய கடிதம் போயிற்று. பத்து நாளில் சான்றிதழ்கள் வந்தன. கல்விச் சான்றிதழ் அடகுப் பொருள் அன்று என்று சென்னை உயர் நீதிமன்றமும் கூறியிருக்கிறது. ஆதலால் தங்கையரே, மூலச் சான்றிதழைக் காட்டுங்கள்; கொடுக்காதீர்கள். படி எடுத்து, நீங்களே கையொப்பமிட்டுக் கொடுங்கள். "மூலம் கொடுத்தால்தான் வேலை" என்று கூறும் இடத்தில் வேலையை விடுவதே நலம்.

அடுத்துப் பதிவு. பட்டம் பெற்றதனால் மட்டும் ஒருவர் செவிலியர் ஆகிவிட மாட்டார். சென்னையில் உள்ள தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில், மக்கள் வாயில் நர்சிங் கவுன்சிலில், பெயரைப் பதிந்து எண் பெற்றால்தான் பணியாற்றும் தகுதி வரும். 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த அமைப்பு அது. நம் பகுதிக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம் பிள்ளைகளில் பலர் பெங்களூருக் கல்லூரிகளில் சேர்ந்து படித்துக் கர்நாடகக் குழுமத்தில் பதிகிறார்கள். அவர்கள் தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கத் தமிழ்நாட்டுப் பதிவு வேண்டும். அதற்குக் கர்நாடகக் குழுமத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். இங்குப் பதிந்தவர் அங்கே பணிபுரியவும் அவ்வாறே. அறிவிப்பு வந்தபின் ஓடினால் கடைசி நாள் கடந்துவிடும். முடிவு வந்த மாதத்திலேயே இதனைத் தொடங்க வேண்டும்.

சாதிச் சான்று பற்றியும் நம்மவரிடையே தவறான எண்ணம் உண்டு. ஓசூர் தாண்டினால் அத்திப்பள்ளி. அங்கும் நம் உறவினர் இருக்கிறார்கள், கொண்டு கொடுக்கிறோம். எனினும் பட்டியல் சாதி என்னும் தகுதி மாநிலத்தைச் சார்ந்தது. தமிழ்நாட்டுச் சான்றைக் காட்டிக் கர்நாடக அரசுப் பணியில் இடஒதுக்கீடு கோர இயலாது. 1990-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் அதே பெங்களூரில் உள்ள நிமான்ஸ் மைய அரசின் நிறுவனம். அங்கே நம் சான்று செல்லும். மைய அரசுப் படிவத்தில் இருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. புதுச்சேரி ஜிப்மர், எய்ம்ஸ், இரயில்வே மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கு 2020 முதல் நார்செட் என்னும் பொதுத் தேர்வு நடக்கிறது. பட்டம் பெற்றோர் அதனை முன்னனுபவம் இன்றியே எழுதலாம். பட்டயம் பெற்றோர்க்கு 50 படுக்கை கொண்ட மருத்துவமனையில் இரண்டாண்டு அனுபவம் வேண்டும். இந்த ஐம்பதை நினைவில் வையுங்கள். நம் ஊர்ப்பக்கத்துப் பதினைந்து படுக்கை மருத்துவமனையில் ஐந்தாண்டு உழைத்தாலும் இதற்கு அது கணக்கில் வராது.

தமிழ்நாட்டு அரசுப் பணிக்கு 2012-இல் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமே வாயில். அவ்வாரியம் 2015-இல் எழுத்துத் தேர்வு நடத்திப் பல்லாயிரம் செவிலியரைத் தேர்ந்தது. மாதம் 7,700 ரூபாய்த் தொகுப்பூதியம். பின்னர்க் காலமுறை ஊதியம் என்பது ஏற்பாடு. அந்தப் 'பின்னர்' நீண்டுகொண்டே போயிற்று. 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு போராட நேர்ந்தது. கொரோனாக் காலத்தில் எடுக்கப்பட்ட ஒப்பந்தச் செவிலியரின் பணியோ 2022 டிசம்பர் 31-உடன் நீட்டிக்கப்படாமல் முடிந்தது. கைதட்டி விளக்கேற்றி நாடு போற்றியவர்கள் அவர்கள். அரசுப் பணி என்றதும் ஆயுட்காலப் பணி என்று எண்ணிக் கடன் வாங்கிவிடாதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். எழுத வேண்டா என்பதற்காக அன்று. பட்டியல் சாதியினர்க்குரிய 18 விழுக்காட்டையும், அதற்குள் 2009 முதல் அருந்ததியர்க்குரிய 3 விழுக்காட்டையும் நிரப்ப நம் பிள்ளைகள் தேர்வு எழுதியாக வேண்டும். தமிழ்மொழித் தகுதித் தாளில் 40 விழுக்காடு பெறாவிடில் மற்றைய தாளைத் திருத்தவே மாட்டார்கள். பெங்களூரில் ஆங்கிலத்திலேயே படித்துவிட்டு வருவோர் பத்தாம் வகுப்புத் தமிழ் நூலை மீண்டும் எடுத்துப் படிப்பது நல்லது. தமிழை எளிதென்று எண்ணித் தோற்றவர்களை ஆசிரியர் பணிக்காலம் முழுதும் கண்டிருக்கிறேன்.

அரசுத் தேர்வு வரும்வரை எங்கே பணிபுரிவது? என் கருத்து வெளிப்படையானது. முதற் பணியில் ஊதியத்தைவிட வார்டைப் பாருங்கள். அவசரச் சிகிச்சை, தீவிரச் சிகிச்சை, அறுவை அரங்கு, பேறுகாலப் பிரிவு ஆகியன உள்ள பெரிய மருத்துவமனையில் ஓராண்டு நின்றால் கை பழகும். ஓசூர்ச் சிப்காட் ஆலைகளிலும் செவிலியர்க்கு இடம் உண்டு. ஐந்நூறு தொழிலாளர்க்கு மேற்பட்ட ஆலையில் மருத்துவ அறை வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்த காலம்தொட்டு அந்த வேலை இருந்து வருகிறது. பகற்பணி, பேருந்து வசதி, உணவகம் என்று பெற்றோர் அதனை விரும்புவர். ஆனால் ஆண்டு முழுதும் காயத்துக்குக் கட்டுப் போட்டும் தலைவலி மாத்திரை கொடுத்தும் இருந்தவள், பின்னர்ப் பெரிய மருத்துவமனை நேர்முகத்தில் திணறுவாள். அது இரண்டாவது பணியாக இருக்கட்டும்.

ஊதியத்தைப் பற்றிப் பேசக் கூசாதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2016 சனவரித் தீர்ப்பை அடுத்து மைய அரசு அமைத்த வல்லுநர் குழு, 200 படுக்கைக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகள் அரசுச் செவிலியர்க்கு நிகரான ஊதியம் தர வேண்டும். 50 படுக்கைக்குக் குறைந்தவையும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரைதான், சட்டம் அன்று. அதனை அப்படியே கேட்டுப் பெற இயலாது. எனினும் அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு பேசுபவளுக்கும் தெரியாமல் பேசுபவளுக்கும் வேறுபாடு உண்டு. பணி நியமனக் கடிதம், ஊதியச் சீட்டு, வருங்கால வைப்பு நிதி எண், இ.எஸ்.ஐ. ஆகியவற்றைக் கேளுங்கள். அனுபவச் சான்று தர நிர்வாகம் மறுத்தாலும் வைப்பு நிதிக் கணக்கு நீங்கள் அங்கே உழைத்ததற்குச் சாட்சி சொல்லும்.

நேர்முகத்தில் என்ன கேட்கிறார்கள் என்று சென்றுவந்த பெண்களை விசாரித்தேன். "500 மில்லி குளுக்கோஸ் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டும், மில்லிக்கு 20 துளி விழும் குழாய், நிமிடத்துக்கு எத்தனை துளி?" என்று ஒருத்தியிடம் கேட்டார்களாம். ஐந்நூறை இருபதால் பெருக்கினால் பத்தாயிரம். நான்கு மணிக்கு 240 நிமிடம். வகுத்தால் ஏறத்தாழ 42 துளி. நம் பள்ளியில் கற்பிக்கும் விகிதக் கணக்கன்றி வேறில்லை. அவள் விடை அறிந்திருந்தும் ஆங்கிலத்தில் சொல்ல அஞ்சி வாய் திறவாமல் வந்துவிட்டாள். மேடையில் இருக்கும் ஆசிரியப் பெருமக்கள் இதனைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். இரவுப் பணி என்றதும் அஞ்சுகிறீர்கள். ஊர் என்ன பேசும் என்கிறீர்கள். நாற்று நடவும் கல் உடைக்கவும் நீங்கள் விடியுமுன் இருட்டில் நடந்தபோது ஊர் ஒன்றும் பேசவில்லையே! தங்குமிடம் எங்கே, இரவில் வண்டி உண்டா என்று கேளுங்கள். அது நியாயமான கேள்வி.

வெளிநாட்டு ஆசை காட்டும் தரகரிடம் பணம் கட்டுவோரும் நம்மிடை உண்டு. சவூதி, குவைத்து முதலிய நாடுகளுக்குச் செவிலியர் செல்வது அரசு முகமைகளின் வழியே மட்டும் என 2015-இல் மைய அரசு விதி செய்தது. தமிழ்நாடு அரசுக்கு 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அங்கே விசாரிக்காமல் எவருக்கும் ஒரு காசும் தரவேண்டா.

இனிச் சங்கத்துக்கு என் கோரிக்கை. நம் பிள்ளை தவறான முதற் பணியில் சிக்குவது அறியாமையால் மட்டும் அன்று. காத்திருக்க வசதி இல்லாமையால். பதிவுக் கட்டணம், சென்னைப் பயணம், விடுதி முன்பணம், முதல் ஊதியம் வரும்வரை உணவு ஆகியவற்றுக்குப் பணம் இருந்தால் அவள் மூலச் சான்றிதழைக் கேட்கும் இடத்தில் 'இல்லை' என்று சொல்லி எழுந்து வருவாள். ஆளுக்கு 20,000 ரூபாய் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து, பணியில் சேர்ந்த நான்காம் மாதம் முதல் மாதம் ஆயிரமாகத் திரும்பப் பெறலாம். பட்டம் முடித்தவர்க்கு ஏன் உதவி, படிப்பவர்க்குக் கொடுப்போம் என்று செயற்குழுவில் சில பெரியவர்கள் கருதுகிறார்கள். அவர்கள் கவலை எனக்குப் புரிகிறது, நிதி சிறிது. ஆயினும் இருபது மாதத்தில் திரும்பி வரும் பணம் இது. ஐந்து பேருக்கு ஒரு இலட்சம் போதும். அதனை ஒதுக்கும் தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவில் முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய நம் பெண் உறுப்பினர் ஒருவர் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டு முடித்த பெண்கள் கூட்டம் முடிந்ததும் செல்லாமல் நூலக அறைக்கு வாருங்கள். குழுமப் பதிவுக்கும் மைய அரசுச் சாதிச் சான்றுக்கும் உரிய படிவங்களை எடுத்து வந்திருக்கிறேன். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே பெயரும் முன்னெழுத்தும் எல்லாச் சான்றிலும் இருக்கின்றனவா என்று இன்றே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.