ரூபாய்க்கு 10 காசு

(தலைப்பு: குடும்பத்தின் அறிவு வளர்ச்சிக்குப் பெரிதும் துணை நிற்பது கைப்பேசியா? ஊர் நூலகமா? இடம்: மன்னார்குடி. 'ஊர் நூலகமே' என்ற அணியில் பேசியது.)

 

நடுவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி அருமையாகப் பேசினார். "உலகமே என் சட்டைப் பையில் இருக்கிறது" என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் நடுவிலே ஒரு குறிப்பு மறந்துபோய்க் குனிந்து பார்த்தாரே, எதைப் பார்த்தார்? கைப்பேசியையா? இல்லைங்க, ஒரு துண்டுச் சீட்டை! (சிரிப்பு, கைதட்டல்) கடைசியிலே காகிதம்தானே கை கொடுத்தது?

எங்கள் வீட்டிலே நாலு பேர், நாலு கைப்பேசி. ராத்திரி சாப்பாடு தயார் என்று என் மனைவி குடும்பக் குழுவிலே செய்தி போடுகிறாள். நானும் படித்துவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டேன். அரைமணி கழித்து வந்து கேட்டாள்: "ஏங்க, விரல் மட்டும்தான் சாப்பிட வருமா, நீங்களும் வருவீங்களா?" (பலத்த சிரிப்பு) அடுத்த அறையிலே இருக்கிறவர்களைக்கூடத் தொலைவுக்குக் கொண்டுபோய்விட்டதே, அதற்குப் பெயர் தொலைபேசியா கைப்பேசியா என்று நடுவர்தான் சொல்ல வேண்டும்.

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பைப் பேச மன்னார்குடியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1931-ஆம் ஆண்டு, இந்த மண்ணிலே, கனகசபைப் பிள்ளை என்கிற பெருமகன் ஒரு மாட்டுவண்டி நிறையப் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். வைக்கோல் ஏற்றுகிற வண்டியிலே அறிவை ஏற்றியிருக்கிறார்! (கைதட்டல்) "படிக்கத் தெரிந்தவன் என்னைத் தேடி வரட்டும்" என்று அவர் உட்கார்ந்துவிடவில்லை. புத்தகம் வாசகனைத் தேடிப் போயிற்று.

அந்த எண்ணத்துக்குப் பக்கபலமாக நின்றவர், இதே பழைய தஞ்சை மாவட்டத்துச் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணக்கு வாத்தியார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு நூலகராக வந்தார். நூலகத் துறைக்கு ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் புத்தகமாக்கினார். அவற்றின் சாரத்தை நம்ம பேச்சிலே சொல்கிறேன். புத்தகம் பூட்டி வைக்க அல்ல. யார் வந்தாலும் அவருக்கென்று ஒரு புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எங்கேயோ ஒரு வாசகன் காத்திருக்கிறான். வந்தவன் நேரத்தை வீணடிக்காதே. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். பொண்ணு பார்க்கிற தரகர்கூட இவ்வளவு பொறுப்பாக ஜோடி சேர்க்க மாட்டார்! (சிரிப்பு)

இனி, தாய்மார்கள் கவனமாகக் கேட்க வேண்டிய ஒரு கணக்கு. 1948-இல் சென்னை மாகாணத்திலே பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவிலே இப்படி வந்த முதல் சட்டம் அதுதான். அதன்படி நீங்கள் கட்டுகிற வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. இன்றைக்கு ரூபாய்க்கு 10 காசு. 1000 ரூபாய் வீட்டு வரி என்றால் 100 ரூபாய் நூலகத்துக்கு.

அம்மா, மளிகைக் கடையிலே 100 ரூபாயைக் கொடுத்துவிட்டு, சாமான் வாங்காமல் வெறும் பையோடு வீட்டுக்கு வருவீர்களா? மீதி ஒரு ரூபாய்க்கு மிட்டாய் கொடுத்தாலே சண்டை போடுகிறோம்! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) வருஷா வருஷம் காசு கட்டிவிட்டு நூலகத்து வாசற்படி மிதிக்காமல் இருக்கிறோமே, அது நியாயமா?

"அங்கே போய் என்னத்தைப் பார்க்கிறது?" என்று எதிரணி அம்மையார் கேட்டார்கள். போன வாரம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போனேன். அந்த நிலவரத்தைச் சொல்கிறேன். காலையிலே நாளிதழ் மேசையிலே ஓய்வு பெற்ற பெரியவர்கள். ஒரே பேப்பரை நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துப் படிக்கிறார்கள். நடுப்பக்கம் வைத்திருப்பவருக்குத்தான் மரியாதை அதிகம்! (சிரிப்பு) பின்னால் போட்டித் தேர்வுப் பகுதி. தலை நிமிராமல் இருபது பிள்ளைகள், பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டக் கூட்டம் என்று பலகையிலே எழுதியிருந்தது. நடக்க முடியாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்கே தன்னார்வலர்கள் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க, 2022-இல் 'நூலக நண்பர்கள்' என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். கனகசபைப் பிள்ளையின் மாட்டுவண்டிதான் இப்போது இருசக்கர வண்டியில் வருகிறது! (கைதட்டல்)

சரி, என்ன புத்தகம் எடுப்பது? வீட்டுக்கு ஒரு பட்டியல் தருகிறேன்.

பாட்டிக்குக் கல்கியின் 'பொன்னியின் செல்வன்'. சினிமாவிலே இரண்டு பாகம், 2022-லும் 2023-லும் டிக்கெட் வாங்கிப் பார்த்தோம். நூலகத்திலே ஐந்து பாகம், டிக்கெட் கிடையாது! (சிரிப்பு) அப்பாவுக்கு உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. ஓலைச்சுவடியைத் தேடி ஒரு மனிதர் ஊர் ஊராக அலைந்த கதை. படித்தால், அலுவலகத்துக்குப் பேருந்து கிடைக்கவில்லை என்று இனிமேல் அலுத்துக்கொள்ள மாட்டார். அம்மாவுக்கு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களின் வாழ்க்கை. அதைப் படித்த பிறகு சமையலறையிலே ஒரு கை உப்பை அள்ளும்போது, அதிலே யாருடைய வியர்வை இருக்கிறது என்று தெரியும். ஊர் சுற்ற ஆசைப்படுகிற பிள்ளைக்கு ஏ.கே. செட்டியாரின் பயண நூல்கள். சின்னக் குழந்தைக்கு அழ. வள்ளியப்பா பாட்டு. கைப்பேசியைக் காட்டிச் சோறு ஊட்டினால் குழந்தை திரையைப் பார்க்கும். பாட்டுச் சொல்லி ஊட்டினால் அம்மா முகத்தைப் பார்க்கும். (நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே, நிறைவாக என் வீட்டுக் கதை ஒன்று. என் அப்பா அரிசி ஆலையிலே மூட்டை தூக்கியவர். எழுதப் படிக்கத் தெரியாது. நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது நூலகத்திலே ஒரு பயண நூல் எடுத்துவந்தேன். அன்று ராத்திரி மழை. கூரை ஒழுகி, புத்தகம் ஊறிப்போய் அப்பளம் மாதிரி உப்பிவிட்டது. பயத்திலே இரண்டு வாரம் நான் நூலகம் பக்கமே போகவில்லை.

அப்பாவுக்குத் தெரிந்தது. நெல் காய்கிற களத்திலே அந்தப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்துக் காயவைத்தார். மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு நூலகர் முன்னால் போய், துண்டை இடுப்பிலே கட்டிக்கொண்டு நின்றார். "பையன் மேல தப்பில்லைங்க. கூரைதான் ஒழுகிடுச்சு. எவ்வளவு கட்டணும்?" என்றார்.

நூலகர் சட்டப்படி விலையை வாங்கினார். ரசீது எழுதிக் கொடுத்தார். பிறகு அந்தப் புத்தகத்தை அப்பா கையிலேயே திருப்பிக் கொடுத்து, "விலை கட்டிட்டீங்க. இனிமே இது உங்க புத்தகம்" என்றார். "வீட்டிலே ஒழுகினா பையனை இங்கே உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்க. எட்டு மணி வரைக்கும் இங்கே விளக்கு எரியும்" என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சொந்தப் புத்தகம், மழையிலே நனைந்த அந்தப் புத்தகம்தான். அப்பா அதைச் சாமி படத்துக்குப் பக்கத்திலே வைத்தார். மறுநாள் முதல் நான் உள்ளே படிப்பேன். வேலை முடிந்து வருகிற அப்பா, எட்டு மணி வரை வெளிப் படிக்கட்டிலே உட்கார்ந்திருப்பார். "உள்ளே வாங்கப்பா" என்று கூப்பிட்டால், "காலெல்லாம் தவிடுடா, நீ படி" என்பார். (அரங்கம் அமைதி)

அந்தப் படிக்கட்டிலிருந்துதான் நான் முனைவர் பட்டம் வரை ஏறினேன். (நீண்ட கைதட்டல்)

போன வாரம் நான் பார்த்த அந்தப் பிள்ளைகளிலே ஒருத்தியைக் கேட்டேன்: "ஏம்மா, எல்லாம் கைப்பேசியிலே இருக்கே, இங்கே ஏன் வர்றே?" அவள் சொன்னாள்: "இருக்குதுங்க ஐயா. ஆனா எங்க வீடு ஒரே அறை. உட்கார இடம் இல்லைங்க." கைப்பேசி பாடத்தைத் தரும் நடுவர் அவர்களே, ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாற்காலியும், ஒரு மேசையும், "சத்தம் போடாதீங்க, பிள்ளைங்க படிக்குது" என்று சொல்ல ஒரு மனிதரும் அதற்குள்ளே இருக்கிறார்களா?

ஆள் வராவிட்டால் அந்த விளக்கு ஒருநாள் அணைந்துபோகும். நாம் போனால் எரியும். ஆகவே, குடும்பத்தின் அறிவுக்குத் துணை ஊர் நூலகமே என்று தீர்ப்பு வழங்குங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை போகலாம் என்று தள்ளிப்போடாமல், நாளைக் காலையிலேயே பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போங்கள். காசு ஏற்கெனவே கட்டியாகிவிட்டது!

(பலத்த கைதட்டல்)