நெஞ்செரிச்சலுக்கு மாத்திரை போதுமா?

(நமது சங்கத்தின் மூத்த குடிமக்கள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் 35 ஆண்டுகள் கிளார்க்காக இருந்தவன். செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்கு ஒரே காரணம்தான். நம் உடம்பில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் நீளமே உள்ள ஓர் இடத்தைப் பற்றி நான் பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறேன். நான் பட்டது உங்களில் ஒருவருக்காவது பயன்பட்டால் போதும்.

உணவுக்குழாய் முடிந்து இரைப்பை தொடங்கும் இடம் அது. உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். நெஞ்சு வழியாக இறங்கி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் என்ற தசையில் உள்ள ஒரு துவாரம் வழியாக வயிற்றுக்குள் நுழைகிறது. அந்த இடத்தில் கதவு என்று தனியாக எதுவும் இல்லை. குழாயின் அடிப்பகுதித் தசையே இறுகி மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து உதரவிதானமும் அதைப் பிடித்துக்கொள்கிறது. விழுங்கும்போது திறக்கும், உணவு இறங்கியதும் மூடும். எங்கள் கிளையில் வேலை நேரம் முடிந்ததும் காவலாளி இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டு நிற்பார். உள்ளே இருப்பவர் வெளியே போகலாம், வெளியே இருப்பவர் உள்ளே வர முடியாது. இங்கே அப்படியே தலைகீழ்.

இந்தக் காவல் ஏன் வேண்டும்? இரைப்பையின் உள்சுவர் அமிலத்தைத் தாங்கும். உணவுக்குழாயின் உள்சுவர் தாங்காது. தசை தளர்ந்து அமிலம் மேலே வந்தால் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், இரவில் வறட்டு இருமல், காலையில் தொண்டைக் கரகரப்பு எல்லாம் வரும். சிலருக்கு இரைப்பையின் மேல்பகுதியே அந்தத் துவாரம் வழியாக நெஞ்சுக்குள் ஏறிவிடும். இதை இரைப்பை ஏற்றம் என்பார்கள். வயதும் தொப்பையும் கூடக் கூட இதுவும் அதிகம்.

இனி என் கதை. எனக்கும் என் சக ஊழியர் ஒருவருக்கும் நெஞ்செரிச்சல் பல வருடப் பழக்கம். அவர் மேஜை டிராயரில் ஒரு மாத்திரை அட்டை, என் டிராயரில் ஒன்று. யாருடையது தீர்ந்தாலும் மற்றவரிடம் வாங்கிக்கொள்வோம். மருந்துக் கடையில் பெயரைச் சொன்னாலே கொடுத்துவிடுவார்கள். டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மாற்றம் வந்தது. எரிச்சல் குறைந்தது, ஆனால் சப்பாத்தி நெஞ்சில் நிற்க ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தால் இறங்கும். பிறகு இட்லியும் நின்றது. நான் ரசம் சாதத்துக்கு மாறிக்கொண்டேன். என் மனைவிதான் கவனித்தாள். "எல்லாருக்கும் முன்னால் சாப்பிட்டு எழுந்திருக்கிறவர், இப்போ கடைசியா எழுந்திருக்கிறீங்களே" என்றாள். மறுவாரமே அழைத்துப் போய்விட்டாள்.

எண்டோஸ்கோபிக்கு நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு, தொண்டையில் மரத்துப்போக ஒரு ஸ்பிரே, பத்து நிமிடம். வருடக்கணக்கான அமிலத்தில் குழாயின் அடிப்பகுதி புண்ணாகி, தழும்பாகி, சுருங்கியிருந்தது. அதோடு உள்சுவர் குடலின் உள்சுவர்போல மாறியிருந்தது. இதை பேரட் உணவுக்குழாய் என்கிறார்கள். 1950-ல் இது பற்றி எழுதிய நார்மன் பேரட் என்ற அறுவை மருத்துவரின் பெயர். பெரும்பாலோருக்கு இது புற்றுநோயாவதில்லை. ஆனால் சிலருக்கு ஆகலாம் என்பதால் கண்காணிப்பு தேவை. சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள். ரிப்போர்ட் வரும்வரை நாங்கள் இருவரும் சரியாகத் தூங்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது. சுருக்கத்தை பலூன் வைத்து விரித்தார்கள். இன்று உங்கள் முன்னால் வடை சாப்பிட்டேன், பார்த்திருப்பீர்கள்.

உடனே நண்பருக்குப் போன் செய்தேன். அவருக்கும் நான்கு மாதமாக அதே தொல்லை. பல் சரியில்லை என்று நினைத்து பல் டாக்டரிடம் போயிருக்கிறார். எடை பத்து கிலோ குறைந்ததை நடைப்பயிற்சியின் பலன் என்று நம்பியிருக்கிறார். பரிசோதனையில் அதே சந்திப்பில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. ஏழு மாதம் இருந்தார். ஒரே மாத்திரை, ஒரே அலட்சியம். எனக்கு ஒரு கேள்வி கேட்க வீட்டில் ஆள் இருந்தது. அவர் தனியாக இருந்தார்.

அதனால்தான் சொல்கிறேன். எப்போதாவது வரும் நெஞ்செரிச்சலுக்குப் பயப்பட வேண்டாம். வாரத்தில் பல நாள் வந்தாலோ, மாத்திரை இல்லாமல் முடியாது என்றாலோ டாக்டரைப் பாருங்கள். உணவு நெஞ்சில் நிற்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், ரத்தசோகை இவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள்.

கெட்டி உணவில் தொடங்கிப் பிறகு நீர் உணவும் இறங்காமல் போனால் பாதை குறுகுகிறது என்று அர்த்தம். ஆரம்பத்திலிருந்தே தண்ணீரும் நின்றால் அது வேறு நோயாக இருக்கலாம். அகலேசியா என்று பெயர், தசை திறக்க மறுப்பது. 1674-லேயே தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர், திமிங்கல எலும்புக் குச்சியின் நுனியில் பஞ்சு கட்டி ஒரு நோயாளிக்கு உணவைத் தள்ள வழி செய்தார். இன்று அதற்கு எண்டோஸ்கோபி வழியாகவே தசையை வெட்டிவிடும் சிகிச்சை இருக்கிறது.

இன்னொன்று. நெஞ்சுவலி எல்லாம் கேஸ் இல்லை. வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்தால், மூச்சு வாங்கினால் சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐ அழையுங்கள். கேட்டில் காவலாளிக்கும் சொல்லிவிட்டால் லிப்டைப் பிடித்து வைப்பார்.

வீட்டில் செய்யக்கூடியவை: சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆறு அங்குலக் கட்டை வையுங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் பலனில்லை. இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் அமிலம் மேலேறுவது குறையும். தொப்பையைக் குறையுங்கள், புகையையும் மதுவையும் விடுங்கள். எந்த மாத்திரையையும் உட்கார்ந்தபடி நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில இந்தத் தசையைத் தளர்த்தும். நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் கேளுங்கள்.

நம் நான்கு பிளாக்கிலும் தனியாக இருப்பவர்கள் பலர். பக்கத்து வீட்டுக்காரர் இளைத்துப் போயிருந்தால், சாப்பாட்டைப் பாதியில் வைத்தால், என் மனைவி கேட்டதை நீங்கள் கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள்.