பல்லைக் கடிப்பவர்கள் அலைனர் போடலாமா?

(சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், நமது குடியிருப்பில் வசிக்கும் பல் மருத்துவர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



லிஃப்டில் என்னைப் பார்த்தால் நீங்கள் இப்போதெல்லாம் அதிகம் கேட்பது இதைத்தான்: "டாக்டர், கம்பி கட்டாமல், வெளியே தெரியாத கிளிப் போட்டுப் பல்லை நேராக்கலாமாமே, எனக்குச் சரிப்படுமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதுக்காரர்கள். கிளினிக்கில் வந்து வாயைத் திறந்தால் சிலருக்குக் கடைவாய்ப் பற்களின் மேடெல்லாம் தேய்ந்து தட்டையாக இருக்கும். "ராத்திரியில் பல்லைக் கடிப்பீர்களா?" என்றால், "இல்லையே" என்பார்கள். கூட வந்தவர் மட்டும் சிரிப்பார். தூங்குகிறவருக்குத் தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் அந்த நறநறப்பு கேட்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன்னால் நீங்கள் பல்லைக் கடிக்கிறவரா என்று பாருங்கள். காலையில் எழுந்ததும் தாடை வலி, நெற்றிப்பொட்டில் தலைவலி, முன்பற்களின் ஓரம் சில்லு சில்லாக உடைவது, குளிர்ந்த தண்ணீர் குடித்தால் கூசுவது, இவை அடையாளங்கள். வேறு காரணங்களாலும் இவை வரலாம். தேய்மானம் பழையதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்பதைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. நகம், முடி மாதிரி இல்லை அது.

சரி, அலைனர் என்றால் என்ன? பற்களை ஸ்கேன் செய்து, வரிசையாகப் பல மெல்லிய பிளாஸ்டிக் உறைகளைச் செய்கிறார்கள். ஒவ்வோர் உறையும் பல்லை ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் நகர்த்தும். ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடுத்த உறை. சாப்பிடவும் பல் துலக்கவும் மட்டும் கழற்றலாம். நாளில் 20 முதல் 22 மணி நேரம் வாயில் இருக்க வேண்டும்.

பல்லைக் கடிப்பவர் இதைப் போடலாமா என்றால், பெரும்பாலும் போடலாம். ஆனால் அலைனரே பல்லைக் காப்பாற்றிவிடும், கடிப்பதையும் நிறுத்திவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லும் பல்லும் நேராக உரசாமல் நடுவே பிளாஸ்டிக் இருக்கிறது, அதுவரை லாபம்தான். கடிக்கும் பழக்கம் அப்படியே இருக்கும். பல்லைக் காக்கவென்றே நாங்கள் செய்து கொடுக்கும் நைட் கார்டு கெட்டியான அக்ரிலிக். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அலைனர் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. பலமாகக் கடிப்பவர்களுக்கு அது ஓட்டை விழும், கீறல் விடும். பல்லின் மேல் ஒட்டும் சின்னச் சின்னப் பொட்டுகளும் தெறித்து விழலாம்.

இங்கேதான் சிக்கல். "அப்படியானால் ராத்திரியில் நைட் கார்டு, பகலில் அலைனர்" என்று நீங்களே முடிவு செய்துவிடக் கூடாது. நைட் கார்டு உங்கள் பல் இன்று இருக்கும் இடத்துக்கு அளவெடுத்தது. அலைனரோ வாரத்துக்கு வாரம் பல்லை நகர்த்துகிறது. பழைய கார்டை மாட்டினால் ஒன்று, அது உட்காராது; இல்லையென்றால் நகர்ந்த பல்லைப் பழைய இடத்துக்கே தள்ளும். எட்டு மணி நேரம் அலைனர் இல்லாத கணக்கும் சேரும். ஆகவே சிகிச்சை நடக்கும் மாதங்களில் உங்களுக்கு உண்மையான கார்டு இருக்காது. அந்த மாதங்களைத் தாங்கும் அளவுக்கு உங்கள் பல்லில் எனாமல் மிச்சம் இருக்கிறதா? மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

இன்னொன்றும் உண்டு. கடைவாய்ப் பற்களுக்கு நடுவே இரவு பகலாகப் பிளாஸ்டிக் இருக்க, அதன் மேல் ஓங்கிக் கடித்துக்கொண்டே இருந்தால், அந்தப் பற்கள் லேசாக உள்ளே அமுங்கலாம். அலைனரைக் கழற்றினால் முன்பல் மட்டும் தொடும், கடைவாயில் இடைவெளி நிற்கும். முறுக்கை மெல்ல முடியாது. பல நேரம் தானே சரியாகிவிடும், சிலருக்குத் திருத்த வேண்டியிருக்கும். சாப்பிடும்போது கடி மாறியது போலத் தோன்றினால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள்.

வீட்டுக்கே வந்து ஸ்கேன் எடுத்துப் போகிறவர்களிடம் நான் பயப்படுவதும் இதனால்தான். ஸ்கேனில் தேய்மானம் தெரியும். அதைப் பார்த்து உங்களிடம் கேள்வி கேட்கப்போவது யார்? அமெரிக்காவில் பல் மருத்துவரிடம் போகாமலே அலைனர் அனுப்பிவந்த ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் மூடப்பட்டது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். உங்களுக்கு ஒரு மருத்துவர், ஒரு நாற்காலி, திரும்பிப் போக ஒரு வாசல் இருக்கட்டும்.

கடிப்பது ஏன் வருகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். மன அழுத்தம், நிறைய காபி, மது, புகை எல்லாம் கூட்டும். மனச்சோர்வுக்குத் தரும் சில மாத்திரைகளாலும் வரலாம். அதற்காக மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். பல் கடிப்புடன் பலத்த குறட்டையும், பகலில் தூங்கி வழிவதும் சேர்ந்திருந்தால், பல்லை நேராக்குவது அப்புறம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று முதலில் பரிசோதியுங்கள்.

பகலில் கம்ப்யூட்டர் முன்னால் பல்லை இறுக்கிக்கொண்டு உட்காருகிறவர்களும் உண்டு. மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட வேண்டிய அவசியமே இல்லை. இப்போது என் பேச்சைக் கேட்கும்போது உங்கள் பற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? உதடு மூடியிருக்கட்டும், பல்லை விட்டுவிடுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் பல் பழைய இடத்துக்கு ஓடாமலிருக்க ரிட்டெய்னர் தருவார்கள். பல்லைக் கடிப்பவர்கள் மெல்லிய ரிட்டெய்னரோடு திருப்தியடையாமல், கெட்டியான நைட் கார்டாகவே அதைச் செய்து தர முடியுமா என்று கேளுங்கள். அதன் செலவையும் ஆரம்பத்திலேயே மொத்தக் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். கழற்றிய உறைகளில் கடைசி ஒன்றையாவது வைத்திருங்கள். இப்போது போட்டிருப்பது உடைந்தால் கைகொடுக்கும்.

குழந்தைகளைப் பற்றி ஒரு பாட்டி கேட்டார். "வயிற்றில் பூச்சி இருந்தால் தூக்கத்தில் பல்லைக் கடிக்கும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பல் கடிப்பதை மட்டும் வைத்துப் பூச்சி மருந்து கொடுக்க வேண்டாம். சின்னக் குழந்தைகளிடம் இது சகஜம், பெரும்பாலும் வளர வளரப் போய்விடும். வலி என்றாலோ, பல் உடைந்தாலோ, குழந்தை குறட்டை விட்டாலோ கூட்டி வாருங்கள்.

டீ வந்துவிட்டது என்று செயலாளர் கை காட்டுகிறார். மீதிக் கேள்விகளை அங்கே கேளுங்கள். அலைனர் போட்டிருப்பவர்கள் மட்டும் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுச் சூடான டீயைக் குடியுங்கள்.