சிறு நாய்களின் இருமல்



நெல்லைப் பற்றியும் கறவைப் பசுவைப் பற்றியும் பேசும் விவசாயப் போதனாசிரியர் இன்று வீட்டு நாயைப் பற்றிப் பேச முற்படுவது உங்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும், பொமறேனியன், பக் முதலிய சிறு சாதி நாய்கள் இக்காலத்தில் நம் கிராமத்து வீடுகளிலும் வளர்கின்றன. அவை இருமினால் அதனைத் தடிமன் என்று எண்ணி வாளாவிருப்பது பலரின் வழக்கம். அவ்வாறு எண்ணிய பிழையை யானும் ஒருமுறை செய்தேன். அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதற்கண், நாயின் மூச்சுக்குழாய் அமைந்துள்ள விதத்தை அறிந்துகொள்ளுங்கள். அக்குழாயைத் திறந்தபடி தாங்கி நிற்பவை கசியிழைய வளையங்களாகும். இவை முழு வட்டமானவையல்ல. முதுகுப் பக்கம் திறந்த லாடத்தைப் போன்றவை. திறந்த பக்கத்தை மெல்லிய சவ்வு ஒன்று மூடியிருக்கும். சிறு சாதி நாய்கள் சிலவற்றில் இவ்வளையங்கள் வலுவிழந்து தட்டையாகி விடுகின்றன. அப்பொழுது சவ்வு உள்ளே தொய்ந்து காற்றின் வழியை அடைக்கும். வாத்துக் கத்துவதை ஒத்த வறண்ட இருமல் இதன் அடையாளமாகும். வீட்டுக்கு ஆள் வந்து நாய் துள்ளும்போதும், கழுத்துக் கயிற்றை இழுக்கும்போதும், தண்ணீர் குடிக்கும்போதும் இவ்விருமல் மிகும்.

இக்குறை முற்றாக மாறுவதில்லை. எனினும் பெரிதும் தணிக்கலாம். கழுத்துப்பட்டியை நீக்கி, நெஞ்சைச் சுற்றிக் கட்டும் மார்புப்பட்டியை அணியுங்கள். விறகடுப்பு, நுளம்புச்சுருள், சாம்பிராணி, சுருட்டு ஆகியவற்றின் புகை படாத இடத்தில் நாயைப் படுக்க விடுங்கள். உடற் கொழுப்பைக் குறையுங்கள். விலாப்புறத்தைக் கையால் மெல்லத் தடவும்போது எலும்புகள் விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிடின் நாய் அளவுக்கு மிஞ்சிக் கொழுத்துள்ளது. வெயில் ஏறிய வேளையில் நடைக்குக் கொண்டுசெல்லாதீர்கள். நாய் இளைத்துத்தான் உடற் சூட்டைத் தணிக்கின்றது. காற்று வழி ஒடுங்கிய நாய்க்கு வெப்பம் உயிராபத்தாகும். மூக்குக் குறுகிய பக் இன நாய்க்கு இது மிகவும் பொருந்தும்.

இரண்டாவது காரணம் தொற்று. பல நாய்கள் கூடும் இடத்துக்குச் சென்று வந்த நாய் சில நாட்களில் கடுமையாக இருமி, இறுதியில் ஓங்காளித்து வெண்ணுரையைக் கக்குமாயின் தொற்றிருமல் என ஐயுறலாம். நல்ல உடல்நிலையுள்ள நாய்க்கு இது பெரும்பாலும் 1 முதல் 3 கிழமைகளில் தணியும். அதுவரை அதனை மற்றை நாய்களிடமிருந்து பிரித்து வையுங்கள். குட்டிகளில் இது நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும். இருமலுடன் காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் பீளை, உணவில் வெறுப்பு ஆகியவை தோன்றினால் அது டிஸ்டெம்பர் என்னும் கொடிய நோயாகவும் இருக்கலாம். தடுப்பூசியே இந்நோய்க்குக் காப்பு. குட்டி 6 முதல் 8 கிழமை வயதை அடைந்ததும் மிருக வைத்தியரிடம் கொண்டுசென்று, அவர் குறிக்கும் நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாது போடுவித்தல் வேண்டும்.

மூன்றாவது காரணம் இருதய நோய். வயது முதிர்ந்த சிறு நாய்களில் இருதய வாயில் ஒன்று சரிவர மூடாமற் போவதுண்டு. எனது பிழை நிகழ்ந்தது இங்கேதான். வயோதிப மாது ஒருவர், தனிமையில் தமக்குத் துணையாயிருந்த நாய் இரவில் இருமுவதாகக் கூறினார். யான் அது குளிரினால் வந்தது என்று சொல்லி, சாக்கு விரித்துப் படுக்க வைக்குமாறு கூறிச் சென்றேன். இரு கிழமைகளின் பின் நாய் மூச்சுத் திணறி இறந்தது. பிந்திக் காட்டப்பட்ட அந்நாயின் நோய் இருதயத்தில் இருந்தது என மிருக வைத்தியர் கூறினார். அம்மாது என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அன்று முதல் இருமும் நாயைக் கண்டால் யான் முதலிற் செய்வது அதன் மூச்சை எண்ணுவதேயாகும்.

நீங்களும் எண்ணலாம். நாய் ஆழ்ந்து உறங்கும்போது கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். ஏறி இறங்குவது ஒரு மூச்சாகும். நிமிடத்துக்கு 30க்கு மேற்பட்ட மூச்சுக்கள் மீண்டும் மீண்டும் காணப்பட்டால் தாமதியாது மிருக வைத்தியரிடம் செல்லுங்கள். நாக்கு அல்லது முரசு நீலம் பாரித்தாலும், நாய் மயங்கி விழுந்தாலும் அந்நேரமே செல்ல வேண்டும்.

மனிதருக்குரிய இருமற் பாணியையோ பரசிற்றமோல் குளிசையையோ நாய்க்குக் கொடாதீர்கள். சிறிய உடலுக்குச் சிறிதளவும் நஞ்சாகலாம்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. தொண்டையில் எலும்பு சிக்கியது போல வாயைத் திறந்தபடி வீணீர் வடிக்கும் நாயின் வாய்க்குள் கையை இடாதீர்கள். விசர் நோய் கண்ட நாயும் தாடை தொங்கி, குரல் மாறி, விழுங்க இயலாது இவ்வாறே தோன்றும். அத்தகைய நாயைக் குழந்தைகள் அணுகாதபடி தடுத்து, மிருக வைத்தியருக்கு அறிவியுங்கள். நாய் கடித்தாலோ, அதன் வீணீர் காயத்திற் பட்டாலோ, சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். விசர் நோய் வெளிப்பட்ட பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது. ஆண்டுதோறும் நாய்க்கு விசர்த் தடுப்பூசி போடுவிப்பது வீட்டாரையும் அயலாரையும் காப்பதாகும்.

நாய் தன் நோவை வாயாற் சொல்லாது. அதன் இருமல் எப்பொழுது வருகின்றது, எவ்வாறு ஒலிக்கின்றது, உறக்கத்தில் மூச்சு எத்தனை என்னும் மூன்றையும் ஒரு தாளில் எழுதி மிருக வைத்தியரிடம் கொடுங்கள். அத்தாள் அவருக்குப் பேருதவியாக இருக்கும்.